நரைத்த இருட்டு

சுவரில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பெட்டிகள்.
இடது, இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு குரோன்.
வலது, ஆறாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு.
இரண்டிலும் ஒரே படம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது:
மழையில் நனைந்த தவளை,
தேன் சொட்டும் கரண்டி,
பிறகு நட்சத்திரங்கள்.

நட்சத்திரம் வந்ததும் நான் வாயைத் திறப்பேன்.
"கவனியுங்கள், இதில் கறுப்பு என்றால் கறுப்பு.
ஒவ்வொரு புள்ளியும் தன் விளக்கைத் தானே அணைத்துக்கொள்ளும்.
அதிலோ பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்,
இருட்டு கொஞ்சம் நரைத்துத் தெரியும்."
பதினோரு வருடமாக இதே பாடம்.
வாய் அதுபாட்டுக்குச் சொல்லும்,
நான் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருப்பேன்.

கன்வோர் கையுறையைக் கழற்றாமலே நின்றாள்.
"அப்படியானால் இருபத்தோராயிரத்து ஐந்நூறு குரோன்
இருட்டுக்கா?"

"நல்ல இருட்டுக்கு" என்றான் ஆஸ்பியோன்.

"நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான் எட்டிப் பார்க்கும்.
திரையை விலக்கினால் சும்மாவே கொட்டிக் கிடக்கிறது.
கிர்க்கெனெஸில் இருந்துகொண்டு
இதைக் காசு கொடுத்து வாங்கப் போகிறாயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.
அவன் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
விடியாத மூன்று மணிக்கு நெய்டென் சாலையில்
அந்த ஆரஞ்சு விளக்கு சுழன்றால் அது அவன்தான்.
"அது இருட்டே இல்லை, கன்வோர்.
முன்விளக்கு போட்டால் எல்லாம் வெள்ளை,
அணைத்தால் நீலம்.
இருபத்தாறு வருடம் ஓட்டியாயிற்று,
கறுப்பை நான் பார்த்ததில்லை.
அந்த ஒரு தடவை தவிர."

எந்தத் தடவை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.
கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள்.
நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும்.
வலது பெட்டியின் நிறத்தைக் கெடுத்து வைத்தவன் நான்தான்.
மேலாளர் சொன்னார், செய்தேன்.
வெளிச்சத்தை இறக்கி, தவளைக்குச் சோகை பிடிக்க வைத்து,
இடதை மட்டும் உச்சத்தில் ஏற்றி,
ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலை மட்டும் கட்டிவிட்டதைப்போல.

"இரண்டையும் அணை" என்றாள்.
"அணைத்துப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, அம்மா."
"ஒரு நாளில் இருபது மணி நேரம்
அது அணைந்துதானே கிடக்கப்போகிறது. அணை."

அணைத்தேன்.
வலதில் நாங்கள் மூவரும் இருந்தோம்,
குழல் விளக்குகள், காப்பி இயந்திரங்களின் வரிசை,
அவள் தொப்பியில் உருகாத பனி.
இடதில் ஒன்றுமில்லை.
வந்த வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டுச்
சும்மா இருந்தது.
ஆஸ்பியோன் அதன் முன் போய் நின்றான்,
கிணற்றுக்குள் குனிகிறவனைப்போலக்
கொஞ்சம் முன்னால் சாய்ந்து.
வெகு நேரம்.
அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேண்டாம்" என்றான்.
"நீதானே ஆசைப்பட்டாய்?"
"ஆசைப்பட்டேன்."
அவள் மேலே பேசவில்லை. நானும்தான்.
விற்பவன் இந்த இடத்தில் பேச வேண்டும்,
வட்டியில்லாத் தவணை, ஐந்து வருட உத்தரவாதம் என்று.
அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
அவர்கள் வண்டிவரை போனேன்.
இமைமுடியில் பனி ஒட்டியது.
ரசீதின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்:
'வெளிச்சம் நாற்பத்தைந்து. நிறம் ஐம்பது.
கடைக்கான அமைப்பை எடுத்துவிடவும்.
இது நீங்கள் இங்கே பார்த்ததைவிட நல்ல பெட்டி.'

எட்டு மணிக்குக் கடை சாத்தும்போது
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தேன்.
இடதைக் கடைசியில்.
தவளை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.
சுத்தமாக ஒன்றுமில்லை.

விலை நியாயம்தான் என்று பட்டது.
சாவியைத் தேடுகிறவன்போலச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே
விளக்குப் போட்டிருந்த வாசல் பக்கம் நடந்தேன்.